வெயிலுக்குப் பொறுப்பாளர்

வெயிலைப் பிடித்து வேலை வாங்குவது என் உத்தியோகம் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், மீனுக்கு நீச்சல் வாத்தியாரா என்று கேட்பார்கள். மண்டபம் அருகே ஒரு கல்லூரியில் நான் மின்னியல் ஆய்வகப் பணியாளன். மாடியில் சோலார் பலகைகள் ஏறிய நாள் முதல் அவற்றுக்கும் பொறுப்பாளன். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்றை யார் தலையிலாவது கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு என் நிலைமை புரியும்.

பெண்கள் விடுதிக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைப் பிள்ளைகள் வாசல் கேட்டுக்கு வருகிற லாரியில் பிடித்து, கேனில் தூக்கி மாடியேற வேண்டும். உப்பு நீக்கும் மெஷின் கேட்டபோது தாளாளர் ஹாஜியார் ஒரு நிபந்தனை போட்டார். "சோலார்லயே ஓடும்னு காட்டுங்க, மறுநாளே வாங்கித் தாரேன். லைன் கரண்டுன்னா பேச்சே வேணாம்."

கருவாடு

வர வேண்டிய மின்சாரத்தில் பாதிதான் வந்தது. மேலே போய்ப் பார்த்தேன். பலகைகள் மேல் நெத்திலி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மெஸ் பொறுப்பாளர் ஜெய்னம்பு அக்கா ஓரமாக உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பலகையை மூடினாலும் அந்த வரிசை மொத்தமும் சோர்ந்துவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கீழ போட்டா மணல் ஒட்டுது. இங்கன சூடும் இருக்கு, சரிவும் இருக்கு. கருவாடு காயப்போட இல்லேன்னா வேற எதுக்குத் தம்பி இம்புட்டுச் செலவழிச்சுப் போட்டாக?"

குளிப்பாட்டல்

மாடி மூலையில் அக்காவுக்கு ஒரு வலை கட்டிக் கொடுத்தேன். நெத்திலி அங்கே மாறியது. செதிலையும் கடற்காற்று அப்பிய உப்பையும் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். ஆகவே பலகைக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். விடுதி மாணவி சகாயமேரியும் தோழிகளும் கேன்களோடு மாடிக்கு வந்தார்கள். ஒரு வரிசையைக் கழுவி முடித்ததும் மேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாங்க குடிக்கிறதுக்கே தூக்க முடியல சார். இனிமே இதுக்கும் சேர்த்துத் தூக்கணுமா?"

குடை

பலகைகள் பளபளத்தன. அந்த வாரமே ஊரில் கரண்டு போனது. நல்ல வெயில், ஆனால் கல்லூரியில் ஒரு மின்விசிறியும் சுற்றவில்லை. லைனில் கரண்டு இல்லாவிட்டால் எங்கள் சோலாரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி முடித்தேன். பொருளாதாரப் பேராசிரியர் விடைத்தாளால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"மழை பெஞ்சா விரியாத குடையை எதுக்குய்யா வாங்குனீங்க?"

மோட்டார்

தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிற முனியசாமி அண்ணன் விடியுமுன் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பகலில் தூங்குவார். வழிவழியாக வந்த முறை. உச்சி வெயிலில் பலகைகள் கொட்டித் தருகிற மின்சாரத்தை எடுக்க ஆளில்லை, இனி மோட்டாரை மதியம் போடுங்கள் என்றேன். சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப சூரியன் முழிச்சிருக்கிற நேரமெல்லாம் நானும் முழிச்சிருக்கணும்ங்கறீக."

சைபர்

இவ்வளவு செய்தும் ஹாஜியார் அசையவில்லை. காரணம் எளிது. கடையைப் பார்த்துவிட்டு அவர் கல்லூரிக்கு வருவதே பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு. நேரே மாடிக்கு ஏறி, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று காட்டுகிற இன்வெர்ட்டர் பெட்டியைப் பார்ப்பார். இருட்டிய பிறகு அது வேறு என்ன காட்டும்? மதியம் வாருங்கள் என்றால் வெயில் ஆகாது என்பார்.

"வர்றப்ப எல்லாம் சைபரு. இத நம்பி மெஷின் வாங்கச் சொல்றீங்க."

குழம்பு

ஜெய்னம்பு அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மதியம் வரவைக்கிறதுக்கு ஆளுக்கு ஆள் ஒரு வழி இருக்கு" என்று சொல்லி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து ஹாஜியாருக்குத் தகவல் அனுப்பினார். மதியம் லுஹர் தொழுத கையோடு ஹாஜியார் வந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, மணலே இல்லாமல் எங்கே காயவைத்தீர்கள் என்று கேட்டார். அக்கா மாடியைக் காட்டினார்.

வலையைப் பார்க்க வந்தவர் பெட்டியையும் பார்த்தார். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. கல்லூரி எடுத்தது போக மீதி என்ன ஆகும் என்றார். கம்பி வழியே வெளியே போய்விடும் என்றேன். எங்கே என்றார். பக்கத்தில் யார் வீட்டில் தேவையோ அங்கே என்றேன். முகம் மாறிவிட்டது.

"நம்ம மாடி வெயில்ல ஊரான் வீட்டு ஃபேன் சுத்துதா? மெஷின இறக்குங்க. மதியமே ஓடட்டும்."

வெறுங்கை

மெஷின் வந்தது. மதியம் ஓடித் தொட்டி நிறைகிறது. மாடிக் குழாயில் நல்ல தண்ணீர். படிக்கட்டில் மேரியைப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு சார். கேன் இல்லாம ஏறுனா எதையோ கேட்டுலயே மறந்து வச்சிட்டு வந்த மாதிரி இருக்கு."

வெயிலைப் பிடிக்க ஒரு பலகை போதும், வெயில் அடிக்கிற நேரத்தில் மனிதர்களைப் பிடிக்கத்தான் கருவாடு தேவைப்படுகிறது.