சேரினுக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

நோரியாங்ஜின்னில் மூன்று வருடத்துக்கு மேல் தங்கிவிட்டவர்களிடம் இது எத்தனையாவது தடவை என்று யாரும் கேட்பதில்லை. மேங் ஓக்ஜூவுக்கு அது ஐந்தாவது வருடம். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்களே நிறைந்த அந்த சியோல் நகரப் பேட்டையில், கட்டிலும் மேசையும் போட்டபின் கால் வைக்க இடமில்லாத ஓர் அறையில் இருந்தாள். வயது முப்பத்திரண்டு. சொந்த ஊர் காங்வான் மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் உன்கோக். அங்கே பேருந்து நிலையத்தை ஒட்டி அவள் அம்மா மக்குக்சு நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். மாவு பிசைந்து பிசைந்து அம்மாவின் மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. உன்கோக் வட்டாரத்தை நிர்வகிக்கும் கவுன்ட்டி அலுவலகத்தில், அடிமட்டமான ஒன்பதாம் நிலை எழுத்தராகச் சேர்ந்து, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, அம்மாவைக் கொஞ்சம் உட்காரவைக்க வேண்டும். ஓக்ஜூவின் ஆசை அவ்வளவுதான்.

தேர்வில் ஐந்து பாடம். நிர்வாகச் சட்டம் அவளை வருடா வருடம் காலை வாரிவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் அவள் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டால் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிற ஆள்தான். ஆனால் தாளில் இருக்கிற ஆங்கிலம் அவளுக்கு வேறு. கேள்வி தயாரித்தவர் எந்தச் சொல்லில் கண்ணி வைத்திருக்கிறார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் தாக் சேரின் அவளைத் தேடி வந்தாள். அவளும் காங்வான்காரிதான், வோன்ஜு நகரம். வயது இருபத்தேழு. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலையை விட்டுவிட்டு வந்தவள். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். மற்ற நாலு பாடத்திலும் கெட்டி, ஆங்கிலத்தில் முப்பத்தைந்து. ஒரு பாடத்தில் நாற்பதுக்குக் கீழே போனால் மற்றதில் நூறு வாங்கினாலும் தோல்விதான்.

"அக்கா, தினமும் ஒரு மணி நேரம் போதும்," என்றாள் படிப்பகத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டு. "நான் உங்களுக்கு நிர்வாகச் சட்டம் சொல்லித் தர்றேன். பண்டமாற்று."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தப் படிக்கட்டிலேயே ஆரம்பித்தார்கள். முதலில் ஐம்பது வார்த்தை. ஓக்ஜூ சொல்வாள், சேரின் பொருள் சொல்ல வேண்டும், மூன்று வினாடிக்குள். பிறகு இலக்கணம். அதற்கப்புறம் பத்தி படித்து விடை தேடுவது.

"எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது அக்கா. ஆனா என்னதான் சொல்ல வர்றான்னு புரியலை."

"அவன் எங்கே திரும்புறான்னு பாரு. 'ஹவ்எவர்' எங்கே இருக்கு?"

"நாலாவது வரியில."

"அதுக்கு முன்னாடி இருக்கிறது ஊர்ல மத்தவங்க நினைக்கிறது. அதுக்கப்புறம் இருக்கிறதுதான் அவன் நினைக்கிறது. இந்தப் பத்திக்குத் தலைப்பு எதுல கிடைக்கும்?"

"பின்னாடி."

"அப்புறம் எதுக்கு முதல் மூணு வரிக்கு மஞ்சள் பூசி வச்சிருக்கே? அழகுக்கா?"

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே முழ நீளத்துக்கு வேறு எதையாவது செருகிவைப்பது தேர்வுக்காரர்களின் பழைய தந்திரம். ஓக்ஜூ சேரினின் கட்டைவிரலைப் பிடித்து அந்த நடுப்பகுதியின் மேல் வைப்பாள். "மூடிக்கோ. இப்போ படி. ஒருமையா பன்மையா?" மூடிய இடத்துக்கு இரண்டு பக்கமும் எழுவாயும் வினையும் மட்டும் நிற்கும். தப்பு பளிச்சென்று தெரியும்.

"இங்கிலீஷ்காரனுக்கு என்ன அவசரமோ," என்று சேரின் சலித்துக்கொள்வாள். "வினையை நடுவுல போட்டு மிதிபடவைக்கிறான். நம்மள மாதிரி கடைசியில வச்சுத் தொலைச்சா என்ன?"

படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் முறைக்கும் அளவுக்கு இருவரும் சிரிப்பார்கள். சிரிப்பு அரிதான பேட்டை அது. நாலு வருடமாக ஓக்ஜூ பக்கத்து அறைக்காரியின் முகத்தைக்கூட சரியாகப் பார்த்ததில்லை. இப்போது பன்னிரண்டரை மணிக்குக் கோப்பையில் சோறு விற்கும் வண்டியின் முன்னால் அவளுக்காக ஒருத்தி இடம் பிடித்து நின்றாள். சுசோக் அறுவடைப் பண்டிகைக்குச் சேரினை உன்கோக்குக்கே அழைத்துப் போனாள். கடை மூடியிருந்தும் அம்மா அவளுக்காக அடுப்பைப் பற்றவைத்தார். கிண்ணத்தில் நூடுல்ஸை மலையாகக் குவித்தார். "இந்த ஊர் நல்லா இருக்கே அக்கா," என்றாள் சேரின், ஆற்றங்கரையில் நடக்கும்போது.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. முப்பத்தைந்து ஐம்பதாயிற்று, எழுபதாயிற்று. இரண்டாம் குளிர்காலத்தின் மாதிரித் தேர்வில் சேரின் ஆங்கிலத்தில் எண்பத்தைந்து வாங்கினாள். தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படிக்கட்டில் ஓடிவந்து ஓக்ஜூவைக் கட்டிக்கொண்டாள். அன்று ஓக்ஜூவுக்குத் தானே தேறிவிட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரியில் காலியிடப் பட்டியல் வந்தது. மாகாணம் முழுக்கத் தேர்வு ஒரே நாள். எந்தக் கவுன்ட்டிக்குப் போட்டியிடுவது என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுதிவிட வேண்டும். விண்ணப்பிக்க ஐந்து நாள் கெடு; அதற்குள் ரத்து செய்துவிட்டு வேறு கவுன்ட்டிக்கு மாற்றலாம், கெடு முடிந்தால் முடிந்ததுதான். பலருடைய தலையெழுத்தை அந்த ஐந்து நாள் தீர்மானித்துவிடும். உன்கோக்கில் நாலு இடம். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சோன்பாங்கில் ஏழு.

"உன்கோக் வேண்டாம் அக்கா," என்றாள் சேரின். "போன வருஷம் அங்கே கட்-ஆஃப் கம்மி. அதைப் பார்த்துட்டு இந்த வருஷம் எல்லாரும் அங்கேயே விழுவாங்க. சோன்பாங் போடுவோம். ஏழு இடம். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல உட்காரலாம்."

"அம்மா உன்கோக்லதானே இருக்காங்க."

"சோன்பாங்குக்குப் பஸ்ல நாப்பது நிமிஷம். வேலையே இல்லாம இங்கே கிடக்கிறதுக்கு அது தேவலையா இல்லையா?"

ஓக்ஜூ ஒரு நாள் முழுக்க யோசித்தாள். இரண்டாம் நாள் சேரின் கைப்பேசியை நீட்டினாள். சோன்பாங் கவுன்ட்டி, தாக் சேரின், விண்ணப்பம் ஏற்கப்பட்டது. "நான் போட்டுட்டேன். என்னைத் தனியா விட்டுடாதீங்க." அன்றைக்கே ஓக்ஜூவும் சோன்பாங்குக்கு விண்ணப்பித்தாள்.

ஜூனில் தேர்வு. தனக்குத் தேர்வு எழுத வேறு பள்ளிக்கூடத்தில் இடம் போட்டிருக்கிறது என்று சேரின் சொன்னபோது ஓக்ஜூவுக்கு எதுவும் தோன்றவில்லை. முடிவு வந்தது. ஆங்கிலத்தில் ஓக்ஜூவுக்குத் தொண்ணூற்றைந்து. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. சோன்பாங்கின் கட்-ஆஃப் நானூறு.

ஐந்து மதிப்பெண், ஒரே ஒரு கேள்வி. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மற்ற கவுன்ட்டிகளின் பட்டியலையும் பார்த்தாள். உன்கோக், முந்நூற்று எண்பது. பிறகு, யாரை நொந்து என்ன, நம் ராசி இப்படி என்று தன்னையே தேற்றிக்கொண்டு சேரினைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் போச்சு அக்கா," என்று சேரின் விம்மினாள். "வீட்டுல இனிமே முடியாதுன்னுட்டாங்க. நான் ஊருக்கே போறேன்."

அந்த வாரக் கடைசியில் ஓக்ஜூதான் அவளுடைய புத்தகப் பெட்டியைப் பேருந்து நிலையம் வரை தூக்கிப் போனாள். வழியில் சாப்பிட நாலு முக்கோணச் சோற்றுக்கட்டிகள் வாங்கிக் கொடுத்தாள். சேரின் அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். "உனக்கென்னடி, இருபத்தொன்பது வயசுதான்," என்று ஓக்ஜூ அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "இங்கிலீஷ் வந்துடுச்சில்ல? எங்கே போனாலும் உதவும்."

அக்டோபர் நடுவில் அம்மா கூப்பிட்டார்.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"எதைம்மா?"

"உன் சிநேகிதி, ஒரு கன்னத்துல குழி விழுமே, அந்தப் பொண்ணு நம்ம ஊர் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கா. குடியிருப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். புதுசா வேலைக்கு வந்திருக்காளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டா. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. ரொம்பக் கூச்சம் போல. சாப்பிட வாம்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

அம்மா பாட்டுக்கு முட்டைக்கோஸ் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. ஐந்து நாள் கெடு. இரண்டாம் நாள் தனக்குக் காட்டிய திரை. வேறு கவுன்ட்டிக்கு எழுதியதால் கிடைத்த வேறு பள்ளிக்கூடம். தோளில் அழுத அழுகை. அந்த அழுகை நடந்தபோது அவள் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலுக்குக் காத்திருந்தவள்.

மறுநாள் முதல் பேருந்தில் ஓக்ஜூ ஊருக்குப் போனாள். அம்மாவின் கடைக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் ஆறு பேர். கவுன்ட்டருக்குப் பின்னால் சேரின் ஒரு கிழவரிடம் உரக்க, பொறுமையாக, இரண்டாம் தடவையாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஓக்ஜூவின் எண் விளக்கில் எரிந்தது.

"என்ன சான்றிதழ் வே..." சேரினின் வாய் அப்படியே நின்றது.

"குடியிருப்புச் சான்றிதழ். ஒரு பிரதி."

சேரின் அடையாள அட்டையை வாங்கினாள். எண்ணைத் தட்டச்சு செய்தாள்.

"முதல்ல நிஜமாத்தான் சோன்பாங் போட்டேன் அக்கா," என்றாள், திரையைப் பார்த்தபடியே, தணிந்த குரலில். "கடைசி நாள் பார்த்தா சோன்பாங்ல கூட்டம் எகிறிப்போச்சு. உன்கோக்ல ஆளே இல்லை. மனசு மாறிடுச்சு."

"மாத்தினது தப்பில்லை. ஏன் சொல்லலை?"

சேரின் அச்சிடும் பொத்தானை அழுத்தினாள்.

"சொன்னா நீங்களும் மாத்திடுவீங்க."

அச்சுப்பொறி ஓடி நின்றது. பின்னால் ஒரு பெண் குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலே இடம்," என்றாள் சேரின். இப்போது கண் நிறைந்திருந்தது. "உங்களோட போட்டி போட்டு நான் எங்கே ஜெயிக்கிறது? நீங்க கெட்டிக்காரி. இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம். எங்கே எழுதினாலும் பாஸாவீங்க. எனக்கு அது ஒண்ணுதான் வழி. நீங்க சொல்லிக் கொடுத்ததாலதான் அந்த வழியே திறந்துச்சு. அதை மறக்கலை அக்கா."

மறந்திருந்தால்கூட ஓக்ஜூவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இரண்டு வருடக் காலைப்பொழுதுகள் அந்தக் கவுன்ட்டர் மேல் கிடந்து நாறின. எந்தச் சிரிப்பு நிஜம், எந்த நாளில் அது நின்றது, 'இந்த ஊர் நல்லா இருக்கே' என்று ஆற்றங்கரையில் சொன்னாளே, அப்போதே மனதில் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கத் தோன்றியது. எதையும் இனி நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"சான்றிதழை எடு," என்றாள்.

சேரின் எடுத்து நீட்டினாள். ஓக்ஜூ வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அது எதற்கும் தேவையில்லாத தாள். ஆனாலும் மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நோரியாங்ஜின்னுக்குத் திரும்பி, யாருடனும் சேராமல், நிர்வாகச் சட்டத்தைத் தானே உருட்டினாள். அடுத்த வருடப் பட்டியலில் உன்கோக்கில் இரண்டே இடம். கட்-ஆஃப் எகிறும் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். யாரிடமும் யோசனை கேட்காமல் ஓக்ஜூ உன்கோக்குக்கே போட்டாள். ஆங்கிலத்தில் நூறு. தேறிவிட்டாள். நியமன உத்தரவில் சேரின் இருந்த அதே அலுவலகத்தின் பெயர் அச்சாகியிருந்தது.

முதல் நாள் மதியம் பிரிவுத் தலைவர் குக் எல்லாரையும் மீன் குழம்புக் கடைக்கு அழைத்துப் போனார். "நீங்க ரெண்டு பேரும் நோரியாங்ஜின்ல ஒண்ணா படிச்சவங்களாமே? பிரமாதம்! இனிமே நமக்குக் கவலையில்லை."

"ஆமா சார்," என்றாள் ஓக்ஜூ. "இவங்களுக்குத் தினமும் காலையில இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன்."

"அப்படியா? ஆசிரியையா!" என்று அவர் சிரித்தார். சேரின் குழம்பில் கரண்டியை விட்டபடி தலை குனிந்திருந்தாள். திரும்பி வரும் வழியில், மற்றவர்கள் முன்னால் போனபின், "அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆபீஸ்ல நீங்க எனக்கு ஒரு வருஷம் சீனியர், தாக் மேடம்," என்றாள் ஓக்ஜூ. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க, செஞ்சுடறேன்."

சேரின் அதற்கப்புறம் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

அந்த வாரம்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். "நான் வேற அவளுக்குத் தனியா அடுப்பு மூட்டினேனே," என்றார். பிறகு எழுந்துபோய்க் கையை இரண்டு முறை கழுவினார்.

இப்போது அலுவலகத்தில் ஓக்ஜூவும் சேரினும் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கோப்புகள் கை மாறுகின்றன. சண்டை ஒன்றும் கிடையாது. போன மாதம் குக் ஓக்ஜூவிடம் வந்து, தன் தங்கை மகள் இதே தேர்வுக்குப் படிக்கிறாள், ஆங்கிலம்தான் தகராறு, மாலையில் கொஞ்சம் பார்த்துவிட முடியுமா என்று கேட்டார். ஓக்ஜூ தன்னிடம் இருந்த இலக்கணக் குறிப்புகளை எல்லாம் பிரதி எடுத்து, ஒரு பையில் போட்டு மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். சொல்லிக்கொடுக்க மட்டும் மாலையில் நேரமில்லை என்றாள். அன்றும் ஆறு மணிக்குக் கடைக்குப் போய், அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.