சுனைத் தண்ணீர் கொண்டுவந்தவர்

யுத்த காலம். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. ஒரு விடுமுறை நாள் காலையில், சாந்தோமிலிருந்து கிண்டிக் காட்டு வழியாகச் சின்னமலைப் புனிதச் சுனைவரை நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அடையாற்றுப் பாலத்தில் எங்கள் பக்கத்து மாதா கோயில் மணியடிப்பவர் சேர்ந்துகொண்டார். கயிறு இழுத்து இழுத்து வலது தோள் இறங்கிப்போன மனிதர். கையில் காலி மருந்துப் புட்டி ஒன்று.

காட்டில் மான்கூட்டம் குறுக்கே ஓடியது. நான் நின்று பார்த்தேன், அவர் நிற்கவில்லை.

“பொண்ணுக்குப் பத்து நாளா ஜுரம், தம்பி. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இனிமே சுனைத் தண்ணிதான். மாதாவுக்கு வேண்டிக்கினு கீறேன். திரும்பி வர்றப்போ என்னாண்ட பேச்சு குடுக்காதே. வூடு போற வரைக்கும் வாயும் தொறக்கக் கூடாது, புட்டியையும் கீழே வைக்கக் கூடாது.”

சுனையில் புட்டியை நிரப்பியதும் அவர் ஊமையானார். பத்தடிக்கு ஒருமுறை அதை வெயிலில் தூக்கிப் பார்ப்பார்; தண்ணீர் அப்படியே இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடி.

பாலத்துக்குத் திரும்பியபோது, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் எதிரே ஓடிவந்தார். “அண்ணே, பாப்பா போயிடுச்சுண்ணே!”

மணியடிப்பவரின் வாய் திறந்தது. உடனே இடது கையால் அதைப் பொத்திக்கொண்டார். புட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு முன்னைவிட வேகமாக நடக்கத் தொடங்கினார். இனி அந்தத் தண்ணீர் யாருக்கு?

அன்று அந்தி மணி வழக்கமான நேரத்துக்கே அடித்தது. அடித்தது அவர்தானா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.