வீரம்மா குடித்த தண்ணீர்

மழை வந்தால், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கொடியில் கிடக்கும் துணிகள் எப்படியோ நனையாமல் அவரவர் வாசலுக்கு வந்துவிடும், மடித்தபடி. எடுத்து வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வீரம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, எல்லார் துணியையும் எடுத்த பிறகுதான் தன் துணியை எடுத்தாள்.

அந்த வீரம்மாவைத்தான் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயமே திமிர் பிடித்தவள் என்றது.

பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் அவள் புருஷன் பக்கிரிசாமி அண்ணனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ரயில் பட்டறையில் சம்மட்டி அடித்தவர். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு அடைக்கும். உமி அடைத்த சாக்கை முதுகுக்கு அண்டை கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்க வைப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கனகசபை ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், சொட்டு மருந்து கொடுத்தார். நெஞ்சு களைத்துப் போனதால் உடம்பில் நீர் தேங்குகிறது, உப்பு ஆகாது, தண்ணீரும் அளந்துதான் என்றார்.

நோயாளியை வெறுங்கையோடு பார்க்கப் போவது எங்களிடம் வழக்கமில்லை. வீக்கம் என்றால் பார்லித் தண்ணீர் இறக்கிவிடும் என்பதும் எல்லோருடைய நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் செம்பும் தூக்குமாக வந்தார்கள். பார்லித் தண்ணீர், இளநீர், ரசம். அண்ணன் யார் மனசையும் நோகடிக்கத் தெரியாதவர். எல்லாவற்றையும் குடித்தார். பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளியது. வீரம்மா ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அம்மன் புண்ணியத்தில் பிழைத்தார். "இன்னொருக்கா இப்பிடிக் கொண்டந்தா என்னால ஒண்டும் செய்யேலாது, பிள்ளை" என்றார் டிரஸ்ஸர்.

அதிலிருந்து வீரம்மா வாசலிலேயே நின்றாள். எதிர்வீட்டுப் புஷ்பவல்லி செம்போடு வந்தபோது, "வேணாங்க்கா, அவருக்குத் தண்ணி ஆகாது" என்றாள்.

"தண்ணி ஆகாதவன் உலகத்துல இருக்கானா? எங்க வீட்டுத் தண்ணி ஆகாதுன்னு சொல்லு. கப்பல் ஏறுறப்ப சாதியையும் மூட்டை கட்டிக் கொண்டாந்தியா?"

"மாரியாத்தா சத்தியமா, டிரஸ்ஸருதான்..."

"டிரஸ்ஸர ஏண்டி இழுக்குற? போடி!"

பேச்சு பரவியது. பைப்படிக்கு அவள் வந்தால் குடங்கள் நகர்ந்தன. கோயில் பொங்கலுக்கு யாரும் அழைக்கவில்லை. பேச ஆளில்லாமல் அண்ணனும் வாடினார்.

"வாங்கி வையேண்டி. நான் குடிக்க மாட்டேன்."

"யாரு, நீங்களா? செம்பையும் சேத்து முழுங்கிருவீங்க."

சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. அவளோ சிரிக்கக்கூட அலுத்துப் போயிருந்தாள்.

ஒரு காலையில் லயத்தின் முதல் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க." அண்ணாந்து குடிக்கவில்லை. தம்ளரில் வாய் வைத்தே குடித்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசையாக வந்தாள். புஷ்பவல்லி வீட்டுக்கு வந்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது.

"உங்க தண்ணிய எனக்குக் குடுங்கக்கா. வயிறு முட்டக் குடிக்கிறேன். அவருக்கு மட்டும் வேணாம்."

புஷ்பவல்லி மொண்டு கொடுத்தாள். குடித்து முடித்ததும் தம்ளரைப் பிடுங்கி, "போதும்டி, பானையில எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். விசிறி வீசினார்கள், வம்பு பேசினார்கள். அண்ணன் லயத்தில் இன்னும் இரண்டு தைப்பூசம் பார்த்தார். வேலைக்குப் போக முடியாதவருக்கு லயத்தில் வீடு கிடையாது என்று ஆனதும், கிள்ளானில் இருந்த அவர் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஸ்டேஷனில் இருவர் நெற்றியிலும் திருநீறு பூசினேன். அவரை வண்டியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, வீரம்மா ஜன்னல் பக்கம் வந்தாள்.

"தைரியமா போ, தாயி" என்றேன்.

"கிள்ளான்ல அவங்க வரிசையில எத்தன வீடு இருக்கோ தெரியலக்கா" என்றாள். "மொதல்லேருந்து எல்லா வீட்லயும் தண்ணி குடிக்கணும்."