பிரேக்குக்கு எதிரே நின்றவர்

தொண்ணூறுகளில் என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. முன் டிரம் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி யோசித்துத்தான் நிற்கும். திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஒல்லியான மனிதர்; காக்கி அரைக்கால் சட்டை; இடது முழங்காலுக்குக் கீழே நீளமான தழும்பு.

முன் சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, திரும்ப மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினார். மறுபடி கழற்றி, டிரம்மோடு உரசும் பிரேக் ஷூவில் வெள்ளை ஒட்டிய மேடுகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு சக்கரத்தை மாட்டிவிட்டு, நேராகச் சாலை நடுவில் போய் நின்றுகொண்டார்.

"தூரமா போய் வேகமா வா. என் கிட்ட வந்து பிரேக்கு புடி."

"நீங்க தள்ளி நில்லுங்கண்ணே."

"தள்ளி நின்னா உனுக்கு எப்டி நம்பிக்கை வரும்? வா நைனா."

எல்லா வண்டிக்கும் அவர் சோதனை இதுதானாம். முதல் தடவை பயத்தில் வெகு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். திரும்பப் போகச் சொன்னார். இரண்டாம் தடவை, அவர் சட்டைப் பொத்தான் தெரியும்வரை வந்து பிடித்தேன். கைக்கெட்டும் தூரத்தில் வண்டி நின்றது. அவர் அசையவே இல்லை.

"கால்ல என்னண்ணே தழும்பு?" என்றேன்.

"இதே மாதிரி ஒரு வண்டிதான். பிரேக்கு ஜோராத்தான் இருந்துச்சு. ஓட்னவன் புடிக்க மறந்துட்டான்."

சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த வண்டிக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டபடி மறுபடி சாலை நடுவுக்குப் போனார். அதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, கிளம்பிவிட்டேன்.