கோச் என் வாயை மூடிய நாள்

நன்னிலத்தில் துணிக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஆயிஷா தஞ்சாவூரில் ஒரு கிளப்புக்காகக் கூடைப்பந்து ஆடுகிறாள். ஒவ்வொரு மேட்சுக்கும் கடையைச் சாத்திவிட்டுப் போய், "பாஸ் பண்ணு, போடு" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அதைத்தான் ஆதரவு என்று நினைத்திருந்தேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வந்திருந்த அன்று அவள் தடுமாறினாள். இடைவேளையில் கோச் ரேவதி என்னிடம் வந்தார். என்னைவிட மிகவும் இளையவர்.

"பாய், நீங்க கத்தும்போதெல்லாம் ஆயிஷா உங்களைத் திரும்பிப் பாக்குறா. பந்து கைய விட்டுப் போயிடுது. இன்னைக்கு மட்டும் பேசாம இருங்களேன்."

சுருக்கென்றது. ஆனாலும் பேசாமல் உட்கார்ந்தேன். அதன்பின் அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவ்வளவு நன்றாக அவள் ஆடி நான் பார்த்ததில்லை. ஆனால் கடைசி நொடியில் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

"ஏன் விட்டே?" என்று கேட்கத்தான் எழுந்தேன். அதற்குள் கோச் அவள் தோளைத் தொட்டு, "சரியான இடத்துலேர்ந்துதான் போட்டே. நாளைக்கும் அங்கேருந்தே போடு" என்றார். அழப்போன ஆயிஷா தலையாட்டினாள்.

தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பஸ்ஸில் நான் எதுவும் கேட்கவில்லை. திருவாரூர் தாண்டியதும் அவளாகவே ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியது அன்றுதான் முதல் முறை.