அது புலிப்பல் அல்ல

1966-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மட்டாஞ்சேரியில் விடாத மழை. எங்கள் வீட்டு முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அந்த நேரத்தில்தான் என் பல் திருட்டுப் போயிருப்பதைக் கண்டேன். திருடியவர் என் சித்தப்பா. எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. ‘எடுத்துக்கொண்டார்’ என்கிறார்கள். எடுத்துக்கொள்வதற்கு அதுவென்ன கருவேப்பிலையா?

பல் என்றால் என் வாயில் இருந்த பல் அல்ல. சுறாமீனின் பல். அதுவும் நேற்றைக்குப் பிடித்த சுறா இல்லை. அந்தக் கோடை விடுமுறைக்கு என்னை அரியலூர்ப் பக்கம் மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் தம்பியான மாமா, சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் காரை என்ற ஊருக்கு வெளியே கூட்டிப்போவார். அங்கே மரம் கிடையாது, பயிர் கிடையாது. மழை அரித்த களிமண் மேடுகள் கண்ணுக்கு எட்டியவரை கிடக்கும்.

“இங்கே கடல் இருந்துச்சுடா” என்றார் மாமா.

“எப்போ?”

“பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி. டைனோசர் நடமாடின காலம். கிரெட்டேசியஸ்னு பேரு.”

“சரியாப் பத்தா?”

“முன்னே பின்னே இருக்கும்.”

அந்த ‘முன்னே பின்னே’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பல் பொறுக்குவது பிடித்துப்போனது. காலை வெயில் சாய்வாக விழும்போது முதுகை வளைத்து, தரையில் கண்ணை வைத்து நடக்கவேண்டும். ஜிப்சம் தகடுகள் மின்னி மின்னி ஏமாற்றும். பத்து முறை குனிந்தால் ஒன்பது முறை ஜிப்சம்தான். பத்தாவது முறை, எண்ணெய் தடவியது போன்ற பழுப்புப் பளபளப்புடன் ஒரு சின்ன முக்கோணம் கிடைக்கும். அதுதான் பல். மேலே கூர்மையான அலகு, கீழே கவட்டை போல இரண்டு கால் விரிந்த வேர். வேரோடு கிடைப்பது அபூர்வம் என்றார் மாமா. அவருடைய மேசையிலேயே முழுப் பல் ஒன்றுகூட இல்லை.

நான் பொறுக்கியது இருபத்து மூன்று. அவற்றில் இருபத்திரண்டு உடைந்தவை. நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், சிறு மழை கழுவிவிட்ட ஒரு சரிவில், கடைசி ஒன்று அதுவாகவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் அளவு. நுனி மழுங்கவில்லை. இரண்டு காலும் முழுசு. மாமா அதை உள்ளங்கையில் வைத்து, கண்ணருகே கொண்டுபோய் இரண்டு காலையும் மூச்சுவிடாமல் பார்த்தார். கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. அவர் மனிதர்.

“வீட்டிலே கல்லுன்னு சொல்லிடு. மீன்னு வாயைத் திறக்காதே” என்று மட்டும் சொல்லி ரயிலேற்றினார்.

அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்ச் சைவக் குடும்பம். ஊர் முழுக்க மீன். காற்று மீன், தண்ணீர் மீன், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவனின் சோற்றுப் பாத்திரம் மீன். வாசனை ஜன்னல் வழியாக வந்தால் மன்னிப்பு உண்டு, வாசல் வழியாக வரக்கூடாது என்பது அப்பாவின் அக்காவான பெரியத்தையின் சட்டம். ஆகவே என் பற்களைப் பஞ்சில் பொதிந்து, காலியான பெருங்காய டப்பா ஒன்றில் போட்டு, புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். அம்மாவிடம் கல் என்றேன். உண்மையைச் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். சித்தப்பாவிடம். மிளகுத் தரகு செய்துகொண்டிருந்த அவர் ஒருவர்தான் எங்கள் வீட்டில் நான் சொல்வதை முழுசாகக் கேட்பார். கேட்டார். கேட்டது எதற்கென்று பிறகு தெரிந்தது.

நான் மாமா வீட்டில் இருந்தபோது சித்திக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஜூன் ஐந்தாம் தேதி அதற்கு இருபத்தெட்டாம் நாள். அன்றைக்குக் குழந்தையின் அப்பா தன் கையால் அதன் இடுப்பில் அரைஞாண் கட்டுவது இந்த ஊரில் வந்து நாங்கள் கற்றுக்கொண்ட வழக்கம். மழையிலும் முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். இலைகளை எண்ணும் வேலை என்னுடையது. பெண்கள் தொட்டிலைச் சுற்றி நின்று தாழ்ந்த குரலில், “இதாவது நிலைக்கட்டும், பகவதி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எது நிலைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இலைக் கணக்கில் இருந்ததால் நான் கேட்கவில்லை.

சித்தப்பா அரைஞாண் கட்டினார். காதில் மூன்று முறை பெயர் சொன்னார். பிறகு சித்தி ஒரு மெல்லிய சங்கிலியை எடுத்துக் குழந்தையின் கழுத்தில் போட்டாள். அதில் தொங்கியது என் பல். கால் இரண்டையும் தங்கத்தால் மூடி, மேலே ஒரு வளையம் வைத்திருந்தார்கள். எந்தக் காலுக்காக மாமா மூச்சுவிடாமல் பார்த்தாரோ அந்தக் கால்!

“அது என் பல்!” என்று கத்தினேன்.

முப்பத்தோரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“விழுந்த பல்லைக் கூரைமேல எறிஞ்சாப் போறும், மோனே. இப்போ சும்மா இரி” என்றாள் பெரியத்தை.

“வாய்ப் பல் இல்லை. நான் பொறுக்கினது. சித்தப்பா என் டப்பாவிலேர்ந்து எடுத்துட்டார்.”

சித்தப்பாவுக்கு முகம்கூட மாறவில்லை. “புலிப்பல்லாக்கும். ஆலுவாவிலே காட்டு மரம் வெட்டக் கூப்பு ஏலம் எடுக்கற சேட்டன் தந்தது. தம்பி வந்துட்டான்னு இவனுக்கு அசூயை, கேட்டேளா?” என்றார்.

“புலிப்பல் உருண்டையா இருக்கும், முளை மாதிரி. இது தட்டை.”

“நீ எத்தனை புலியோட வாயைப் பார்த்திருக்கே?”

“ஒண்ணும் இல்லை. நீங்களும்தான் பார்க்கலை.”

எல்லாரும் சிரித்தார்கள். ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து, மற்ற இருபத்திரண்டையும் குத்துவிளக்கின் முன்னால் இருந்த இலையில் வரிசையாக அடுக்கினேன். அதே பழுப்பு, அதே பளபளப்பு, அதே தட்டை அலகு. குருடனுக்கும் தெரியும் நிரூபணம்.

“எந்தாடா இது?” என்றாள் பெரியத்தை.

“சுறாப்பல். எல்லாமே சுறாப்பல்.”

“மீனா? விளக்குக்கு முன்னாலேயா?” முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தையின் பக்கம் குனிந்தாள். பொத்திய மூக்கை மெல்லத் திறந்து முகர்ந்தாள். “பெருங்காயமாக்கும் மணக்கறது!”

“புலி பெருங்காயம் மணக்குமா? கேளுங்கோ!” என்றேன்.

“சைவப் புலியா இருக்கும்” என்றார் சித்தப்பா.

மறுபடி சிரிப்பு. பெரியத்தை மட்டும் சிரிக்கவில்லை. “கழட்டு அதை” என்றாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. காட்டில் ஆட்டையும் மாட்டையும் கிழித்துத் தின்னும் புலியின் பல் குழந்தையின் கழுத்தில் தொங்கலாம். எந்த மனிதன் கண்ணிலும் படாமல், எந்தச் சட்டியிலும் வேகாமல் கல்லாகிப் போன மீனின் பல்லுக்குத் தீட்டு. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

சித்தி கழற்றினாள். ஆனால் என்னிடம் தரவில்லை. விரலிடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் அதுவரை அதைப் புலிப்பல் என்றே நம்பியிருந்தாள்.

“இதுக்கு எத்தனை வயசுடா?”

“பத்துக் கோடி வருஷம். முன்னே பின்னே.”

“இத்தனை காலமும் மண்ணுக்குள்ளேயா கிடந்தது?”

“ஆமாம்.”

“ஒண்ணும் ஆகலையா அதுக்கு?”

“ஒண்ணுமே ஆகலை, சித்தி. மத்ததெல்லாம் ஒடஞ்சுபோச்சு. இது ஒண்ணுதான் முழுசா நின்னுது.”

திருப்பித் தரவேண்டியதன் நியாயத்தை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு சங்கிலியை மறுபடி குழந்தையின் கழுத்திலேயே போட்டு, பல்லின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்குப் புலி வேண்டாம், அக்கா. இது போதும்” என்றாள் பெரியத்தையிடம்.

பெரியத்தை சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருங்காய நெடி என்று நினைத்தேன். இலைகள் போட்டார்கள், எல்லாரும் சாப்பிட்டார்கள். நஷ்டஈடாகச் சித்தப்பா எனக்கு ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் நாலு நாரங்கா மிட்டாய் தந்தார். அதில் ஒன்று உடைந்தது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவனுக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான். சென்ற மாதம் அதற்கு இருபத்தெட்டு. சித்தி போய்ப் பல வருடமாகிறது. அவள் பெட்டியிலிருந்து சங்கிலியை எடுத்தார்கள். பல் அப்படியே இருந்தது, தங்க வளையம்தான் தேய்ந்து அறுந்திருந்தது. “அண்ணா, நீங்க போனா யாரும் ஏமாத்தமாட்டா” என்று தம்பி அதை என் தலையில் கட்டினான். எழுபது வயதில், மழையில், என் பல்லுக்கு நானே நகைக்கடை தேடி அலைந்தேன். அவன் முன்கூட்டியே கடைக்குப் போன் செய்து ‘புலிப்பல்’ என்று சொல்லிவைத்திருந்தான். வீட்டில் இன்னும் அதற்கு அதுதான் பெயர்.

“அய்யோ அங்கிளே, புலிப்பல்லைத் தொட்டா வனத்துறை கேஸாகும்” என்று கடைப் பையன் கையை இழுத்துக்கொண்டான்.

“புலிப்பல் இல்லை. சுறாப்பல்.”

“எல்லாரும் அப்படித்தான் பறயும்.”

இரண்டாவது கடையிலும் இதே கதை. மூன்றாவது கடையில் ஒருத்தன் செல்போனில் பல்லைப் படம் பிடித்தான். ஒரு நொடி பார்த்தான். “சரியாக்கும் அங்கிளே. ஷார்க்” என்றான். அறுபது வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னதைச் சித்தியைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. போன் ஒருமுறை சொன்னதும் நம்பிவிட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பியின் மகள் அதைத் தன் குழந்தைக்குப் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள். சித்தி தொட்டது போலவே.

அந்த ஜூன் ஐந்தாம் தேதி நான் இலைகளை எண்ணினேன், ஆட்களை எண்ணினேன், பற்களை எண்ணினேன். எண்ணிக்கையில் ஒன்றும் தப்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தொட்டிலில் இருந்தது சித்தியின் முதல் குழந்தை என்பது என் கணக்கு. அது மூன்றாவது என்று, எனக்குப் பதினாறு வயதானபோது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள். முதல் இரண்டும் இருபத்தெட்டாம் நாளைத் தொடவில்லை.

அதற்காகச் சித்தப்பா கேட்காமல் எடுத்தது சரியென்று ஆகிவிடாது. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பது வேறு கேள்வி. டப்பாவில் மற்ற இருபத்திரண்டும் இன்னும் இருக்கின்றன. வளையத்துக்குத் தங்கம், செய்கூலி, வரி, மூன்று கடைக்கும் ஏறி இறங்கிய ஆட்டோ, எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.