பட்டன் டயரும் கட்டங்காப்பியும்

பிக்கப் வண்டி வச்சுப் பொழைக்கிறவனுக்கு மத்த நாளெல்லாம் வண்டி ஓட்டுறது சோலி. டயர் மாத்துற மாசம் மட்டும் ஊரார் சொல்ற யோசனையைக் கேக்குறதே சோலி. வண்டி வச்சிருக்கிற உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிஞ்சிருக்கும். டயர் தேஞ்சிருச்சுன்னு ஒருத்தர் வாயத் தொறந்தாப் போதும், டீக்கடையில சைக்கிள்கூட இல்லாத ஆளு வரைக்கும் வந்து நமக்குப் பாடம் எடுப்பாரு.

எனக்கு ஊரு கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறை. தெனமும் பீன்ஸ், சௌசௌ, பட்டர் ஃப்ரூட்டுன்னு ஏத்திக்கிட்டுப் பழனி மலைப்பாதையில எறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவேன். இடையில கொடைக்கானல் காட்டேஜுகளுக்கும் காய் கொண்டுபோய்ப் போடுவேன். எல்லாம் தார்ரோடு. எப்பவாச்சும்தான் கீழ்க்காட்டு மண்பாதை. அந்த எப்பவாச்சும்தான் என்னையப் படுத்தி எடுத்துச்சு.

ஹெலிகாப்டர்

மொதல்ல என் வண்டிக்கு நாலும் பட்டன் டயர். கட்டை கட்டையா ரப்பர் துருத்திக்கிட்டு நிக்குமே, அதுதான். சேத்துல நல்லாக் கவ்வும். ஆனா தார்ரோட்டுல ஏறுனா ஊஊன்னு ஒரே எரைச்சல். டீசலும் கூடக் குடிக்கும். மழையில ரோடு நனைஞ்சிருந்தா வளைவுல பிரேக் போடுறதுக்குள்ள உசுரு போய் உசுரு வரும்.

கொடைக்கானல்ல ஒரு காட்டேஜுக்கு வெள்ளனே காய் எறக்கப் போவேன். டூரிஸ்ட்டெல்லாம் போர்வைக்குள்ள இருக்கிற நேரம். அந்த மேனேஜர் ரொம்ப மரியாதக்காரரு. ஒரு நாள் கேட்டுக்கே ஓடி வந்து வண்டிய நிறுத்துனாரு.

"அண்ணே, ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க வந்தா ஹெலிகாப்டர் எறங்குதான்னு கெஸ்ட்டெல்லாம் ரிசப்ஷனுக்குப் போன் போட்டுக் கேக்குறாங்க."

அதே சத்தம்

அதே எரைச்சலுக்குக் கீழ்க்காட்டுல மரியாதையே வேற. அங்க பாண்டியண்ணனும் செல்வி மதினியும் பீன்ஸ் வெள்ளாமை. எனக்குச் சொந்தமில்ல, ஆனா சொந்தத்துக்கு மேல. தார்ரோட்டுல இருந்து சடார்னு எறங்குற செம்மண் பாதை. மழை பேஞ்சா மத்த வண்டிக்காரங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. நான் எறங்குவேன். மூட்டை ஏத்துறதுக்கும் சரி, காய்ச்சல்காரங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும் சரி, அங்க இருக்கிற நாலஞ்சு வீட்டுக்கும் என் வண்டிதான்.

நான் போய் நிக்கிறதுக்கும் டம்ளர்ல பால் ஊத்தாத கட்டங்காப்பி வர்றதுக்கும் சரியா இருக்கும். எப்படி மதினி இப்படின்னு ஒருக்கா கேட்டேன்.

"மேல வளைவுல வரும்போதே சத்தம் கேட்டிருச்சு தம்பி, நீங்க வண்டிய விட்டு எறங்கவும் குடிக்கிற சூட்டுக்கு வரட்டும்னு ஊத்தி வச்சிட்டேன்."

விருந்தாளிக்கு வாசல்

அந்த டயரெல்லாம் தேஞ்சு முடிஞ்சப்ப ஒட்டன்சத்திரத்துல ஒரு டயர் கடைக்குப் போனேன். போகும்போது பட்டன் டயர்தான் வாங்கணும்னு போனேன். கடைக்காரரு எந்த ரோட்டுல நெறய ஓடுதுன்னு கேட்டாரு. தார்ரோடுன்னேன். மண்ணுல எப்பன்னாரு. எப்பவாச்சும்னேன். மனுசன் பேனாவ வச்சிட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"என்னைக்கோ ஒரு நாள் வர்ற விருந்தாளிக்காக, தெனம் நீங்க பொழங்குற வாசல இடிச்சுக் கட்டுவீங்களாண்ணே?"

காது கேட்ட மாசம்

ரோட்டு டயரே போட்டுட்டேன். அடடா, என்ன சொகம்! வண்டி வெண்ணெயில போற மாதிரி போகுது. நனைஞ்ச ரோட்டுலயும் பிரேக் போட்ட எடத்துல நிக்குது. அந்த மேனேஜர் கையக் குலுக்கிட்டாரு. நானும் டீக்கடையில உக்காந்து, கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் டயர் பத்திப் பாடம் எடுக்க ஆரம்பிச்சேன். வீட்டுக்காரிய முன்சீட்டுல உக்கார வச்சுப் பழனிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி நெடுக என் டயர் பெருமைதான். சவரிக்காடு தாண்டவும் அவளுக்குப் பொறுக்கல.

"முன்னாடி நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்காது, அந்தச் சத்தமே தேவலாம்னு இருக்கு."

தள்ளுன நாள்

மொத மழைக்குக் கீழ்க்காட்டுல எறங்குனேன். எறங்கிருச்சு. மூட்டை ஏத்திட்டுத் திரும்புனா, சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது. பாண்டியண்ணன், மதினி, பக்கத்து வீட்டு ஆளுக எல்லாரும் சேந்து தள்ளு தள்ளுன்னு தள்ளி, எல்லாரு மூஞ்சியிலயும் சேறு. மதினி அன்னைக்குத்தான் துவைச்சுக் கட்டுன சேலை. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. பாண்டியண்ணன் கோவப்படல, சிரிச்சுக்கிட்டேதான் ஒரு வழி சொன்னாரு. நானும் சரிண்ணேன்னு தலையாட்டிட்டேன். இனி சேத்துல எறங்க வேண்டாமேன்னு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வேற. அந்த நிம்மதிய நெனச்சா இப்பவும் எனக்குக் கூசுது.

"இனிமே மழ நாள்ல நீ மேலயே நில்லு தம்பி, மூட்டைய நாங்க தூக்கிட்டு வந்திருவோம்."

கூப்பிடாத போன்

ஐப்பசி அடைமழை. காலையில ரோட்டோரக் கடையில இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கீழ்க்காட்டுப் பாதையில இருந்து நாலு பேரு ஒரு கயித்துக் கட்டிலத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏறி வாறாங்க. மேல தார்ப்பாய். மொத ஆளு பாண்டியண்ணன். கட்டில்ல மதினி. வரப்புல வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சு போச்சு. வழியில ஒரு தடவ கட்டிலும் சரிஞ்சு, அதே காலு பாறையில இடிச்சிருக்கு.

கையக் கழுவாம ஓடுனேன். பின்னாடி மெத்தை போட்டுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன். வண்டி ஒரு சத்தமில்லாமப் போச்சு. அதனால மதினி முனகுனது அத்தனையும் தெளிவாக் கேட்டுச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. பக்கத்துல இருந்த பாண்டியண்ணன்கிட்ட, போன் இருக்குல்ல, டவர் கெடைக்குதுல்ல, ஒரு வார்த்த கூப்பிட்டா என்னான்னு கத்துனேன். அவரு ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"கூப்பிட்டா நீ வராம இருக்க மாட்ட தம்பி, வந்து மாட்டிக்கிட்டா அவளையும் தூக்கணும், உன் வண்டியையும் தள்ளணும், அதான் கூப்பிடல."

மறுபடியும் பட்டன்

மறுவாரமே நல்ல டயரக் கழட்டிட்டுப் பட்டன் டயர் போட்டேன். கடைக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு. மேனேஜர் மறுபடியும் கேட்டுக்கு ஓடி வந்தாரு. போகட்டும். என்னைக்குக் கூப்பிட்டாலும் எறங்கணும், அவ்வளவுதான்.

ஆனா யாரு கூப்பிடுறது? மதினிக்கு எலும்பு சரியாச் சேரல. கம்பு ஊனித்தான் நடை. அந்தச் சரிவுல இனி ஏறி எறங்க முடியாதுன்னு காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு, பேத்துப்பாறையிலேயே ரோட்டோரமா வாடகை வீட்டுக்கு வந்துட்டாங்க. மத்த வீட்டுக்காரங்களும் ஒவ்வொருத்தரா மேல வந்துட்டாங்க. இப்ப நான் தெனமும் அவங்க வாசலத் தாண்டித்தான் எரைச்சல் போட்டுக்கிட்டுப் போறேன். போன வாரம் வண்டிய நிறுத்தி, சத்தம் கேக்குதா மதினின்னு கேட்டேன். கம்பை ஓரமாச் சாத்தி வச்சிட்டு அவங்க சிரிச்சாங்க.

"கேக்குது தம்பி, ஆனா தெனமும் நிக்காமப் போறீங்களே, எந்தச் சத்தத்துக்குக் காப்பி போடுறதுன்னுதான் எனக்குத் தெரியல."

ஆக, டயர் கடை வாசல்ல என்னைய மாதிரியே முழிச்சுக்கிட்டு நிக்கிற மக்கா, நான் ரெண்டு தடவையும் நல்ல டயராப் பாத்துத்தான் வாங்குனேன், வாங்குன நேரந்தான் ரெண்டும் தப்பாப் போச்சு.